ஒரு ஒலிநாடாவின் இரு பக்கங்கள்

1987இன் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டுட்டோரியலின் மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கவிதை வாசிப்போம், அதைவிட அதிகமாகச் சண்டை போடுவோம். ஒரு ஞாயிறன்று நண்பர் ஒருவர் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். கூடவே இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கேசட். முழுதும் போட்டார். நாற்பது நிமிஷத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. அந்த மாடியில் அதற்கு முன் அப்படி ஒரு மௌனம் கூடியதில்லை. முடிந்ததும் ஒருவர், "சினிமாவிலிருந்து ஆள் தப்பிச்சுட்டார்யா" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

என் ஜோல்னாப் பையில் 'விக்ரம்' கேசட் இருந்தது. எட்டு மாதமாக, அநேகமாக தினமும் நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். வெளியே எடுக்கவில்லை. காரணம் வெட்கம்தான், வேறு எதுவுமில்லை. தமிழ்ச் சிறுபத்திரிகைச் சூழலில் அன்று புழங்கிய ரசனை பற்றி எனக்குத் தெரிந்த மிக நிச்சயமான தகவல் இந்த வெட்கம். இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பதும் அதற்குக் கணக்குத் தீர்க்கத்தான்.

விஷயம் இதுதான். 1986 என்ற ஒரே ஆண்டில் ஒரே மனிதர் மூன்று இசைத் தொகுப்புகளைத் தந்தார். மே மாதம் 'விக்ரம்'. தீபாவளிக்கு 'புன்னகை மன்னன்'. இவற்றோடு சினிமாவுக்கு வெளியே, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக 'ஹவ் டு நேம் இட்?'. கடைசியானதை நாம் இசை என்றோம். முதலிரண்டை அதே வாயால் சினிமாப் பாட்டு என்றோம். தமிழ்க் காதில் நவீனம் என்று சொல்லத்தக்க ஒன்று நுழைந்தது முதலிரண்டின் வழியாகத்தான் என்று எனக்கு அப்போதே பட்டது. படுவதைச் சொல்லும் தைரியம் விமர்சகனுக்கு இருக்க வேண்டும் என்று அதே மாடியில் நான் நிறைய பேசியிருக்கிறேன்.

ஒலி என்ன மாறியது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். 'அன்னக்கிளி'யிலிருந்து, அதாவது 1976இலிருந்து, இளையராஜாவின் ஒலி ஒரு கூட்டத்தின் ஒலி. வரிசையாக வயலின்கள், புல்லாங்குழல், தபலா, கிதார், அடியில் தனிப் பாட்டாகவே ஓடிக்கொண்டிருக்கும் பேஸ். அவர் ஐரோப்பிய முறையில் எழுதித் தரும் ஸ்வரத்தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு, பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக வாசித்துப் பதிவானவை அவை. ஒருவர் தப்பினால் எல்லோரும் திரும்ப முதலிலிருந்து. அந்தப் பாடல்களில் ஒரு மூச்சு கேட்கிறதென்றால் அது உருவகமல்ல. அந்த அறையில் உண்மையிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதர்களின் மூச்சு அது.

'விக்ரம்' தலைப்புப் பாடலில் இந்த அறை இல்லை. பாடல் தொடங்கும்போதே காதில் விழுவது எங்கும் நிகழாத ஒரு ஒலி. எந்த மரமும் தோலும் நரம்பும் அதைத் தரவில்லை. நாயகனின் பெயரை ஒரு குரல் அழைக்கிறது. தொண்டையிலிருந்து நேரே வராமல் நடுவில் ஏதோ ஒரு கருவிக்குள் நுழைந்து வெளிவந்த குரல் மாதிரி. அடியில் சீராக, சலிக்காமல், களைக்காமல் ஒரு துடிப்பு. அதன்மேல் கமல்ஹாசன் பாடுகிறார். பயிற்சி பெற்ற பின்னணிப் பாடகராக இல்லாததே அங்கே நல்லதாகப் போயிற்று. பாலசுப்பிரமணியம் பாடியிருந்தால் குரலின் இனிமை இயந்திரத்தைச் சமாதானப்படுத்தியிருக்கும். கமலின் குரலில் உள்ள சற்றே வறண்ட, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தன்மை சமாதானத்துக்கு வரவில்லை. இரண்டும் உரசிக்கொண்டே போகின்றன.

உரசல் இருக்கட்டும், அந்த ஒலியின் பின்னாலுள்ள கைத்தொழிலைச் சொல்கிறேன். 1983இல் யமஹா கம்பெனி டிஎக்ஸ்-7 என்ற சிந்தசைசரை வெளியிட்டது. ஒரு அலையைக் கொண்டு இன்னொரு அலையை வேகமாக அசைத்து ஒலியை உண்டாக்கும் முறை அது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் என்பவர் கண்டுபிடித்தது. மணி, உலோகத் தட்டு, மின்பியானோ, ரப்பர் மாதிரித் துள்ளும் பேஸ் ஆகியவை அதற்குக் கைவந்த ஒலிகள். வயலினுக்கு அது லாயக்கில்லை. அதே 1983இல்தான் மிடி என்கிற ஏற்பாடும் வந்தது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கருவி இன்னொன்றுக்குச் சொல்ல, போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒப்புக்கொண்ட ஒரு பொது மொழி. சீக்வென்சர் என்பது இந்தக் கட்டளைகளைச் சேமித்து வைத்துத் திரும்பச் சொல்லும் பெட்டி. அது ஒலியைச் சேமிப்பதில்லை, உத்தரவைச் சேமிக்கிறது. வாசித்தவர் சற்று முந்தியோ பிந்தியோ தட்டியிருந்தாலும் அதை ஓசைப்படாமல் கட்டத்துக்குள் நகர்த்தி வைத்துவிடும். 'புன்னகை மன்ன'னின் தீம் இசையில் நாம் கேட்டது இந்தக் கட்டங்களைத்தான். கம்ப்யூட்டர் இசை என்று ஊரெல்லாம் பேர் வாங்கியதும் அந்தப் படம்தான்.

இதற்கு நம்மிடம் ஒரு ஆயத்தப் பதில் உண்டு. காலப்பிரமாணம் நமக்குப் புதிதா? அட்சர சுத்தமாகத் தாளம் நிற்பதுதானே நம் சங்கீதத்தின் பெருமை, இயந்திரம் அதைத்தானே செய்கிறது? சங்கீத நண்பர் ஒருவர் என்னிடம் வெகு உற்சாகமாக இப்படி வாதாடினார். எனக்கு ஒப்புதலில்லை. மிருதங்கக்காரர் காலத்தை நிறுத்துகிறார் என்றால், அது ஓடிவிடக்கூடியது என்பதால்தான் அந்த வார்த்தைக்கே அர்த்தம். எடுப்பு அரை இடம் தள்ளி வரும்போது நம் வயிற்றில் ஒரு பயம் தோன்றி, சமத்தில் வந்து விழும்போது அடங்குகிறதே, அந்தப் பயம்தான் லய சுகம். சீக்வென்சரிடம் தவறவிட எதுவுமில்லை. அது காலத்தைக் காப்பாற்றவில்லை. அதனிடம் ஆபத்தே கிடையாது. ஆக, ஆபத்து முழுவதும் பாடுகிறவன் பக்கம் வந்து சேர்ந்துவிடுகிறது. எட்டு வாத்தியக்காரர்கள் பங்குபோட்டுக்கொண்ட நடுக்கத்தை இப்போது ஒரு குரல் தனியே சுமக்க வேண்டும். 'புன்னகை மன்ன'னில் வாணி ஜெயராம் பாடிய நடனப் பாடலைக் கேட்டால் இது புரியும். சுற்றிலும் எல்லாம் துல்லியம். அந்தக் குரலின் மிகச் சிறிய தாமதம்கூட, முன்பெல்லாம் நாம் கவனித்தே இராத ஒன்று, அங்கே ஒரு சம்பவமாகிவிடுகிறது. நவீனக் கவிதையில் யாப்பு போனபின் ஒரு தனிச் சொல்லின் மேல் விழுந்த பாரம் மாதிரி என்று சொல்லலாமா? சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த ஒலியை நான் எங்கே கேட்டேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் கேட்டேன். மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலைப் பக்கம் டீக்கடை ஸ்பீக்கர்களில், கேசட் பதிந்து தரும் ரிக்கார்டிங் சென்டர் வாசலில், ஆறாம் எண் பிளாட்பாரத்தைத் தாண்டி வந்த கல்யாண மண்டபக் குழாய் ஒலிபெருக்கியில். குழாய் ஒலிபெருக்கி பேஸைத் தின்றுவிடும். வயலின் கூட்டத்தைக் கூழாக்கிவிடும். டிஎக்ஸ் வகை மணியோசை மட்டும் அதைக் கிழித்துக்கொண்டு அப்படியே வெளியே வரும். இளையராஜாவின் பழைய பாடல்களை முழுதாகக் கேட்க நல்ல ஸ்டீரியோ வேண்டும், அதாவது கொஞ்சம் பணம் வேண்டும். புது ஒலி மட்டமான ஸ்பீக்கருக்கு விரோதியாக இல்லை. இந்த எளிய பௌதிக உண்மையை நம் ரசனை விவாதங்களில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அப்போது எனக்குக் கோட்டையில் வேலை. தாம்பரத்திலிருந்து மீட்டர் கேஜ் மின்ரயில். 1931இல் மின்மயமான பாதை. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் ஓட்டம் நின்றது. அந்த ரயிலுக்கென்று ஒரு ஒலி இருந்தது: குறுகலான, அவசரமான, சற்றே மேல் ஸ்தாயி. இன்றைய அகலப்பாதை வண்டி கனமாக உருளுகிறது. அது வேறு தாளம். அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். ஒரு பக்கம் இருபதுகளிலிருந்து நுரையீரல் நோயாளிகளைப் பார்த்துவரும் ஆஸ்பத்திரி. இன்னொரு பக்கம் 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம், மெப்ஸ். காலை ரயிலில் சானடோரியத்தில் திமுதிமுவென்று இறங்கும் பெண்களில் பலர் அங்கே போகிறவர்கள். ஆயத்த ஆடை தைப்பவர்கள், மின்னணுச் சாமான் பூட்டுபவர்கள். வெளிநாட்டுக்குப் போகும் சர்க்யூட்டைத் தாம்பரத்துப் பெண் கையால் பூட்டுகிறாள். அதே காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சர்க்யூட் கோடம்பாக்கத்தில் பாட்டுக்குள் நுழைகிறது. இரண்டுக்கும் நடுவில் அதே ரயில் ஓடியது. இதை நான் கற்பனைக்காகச் சொல்லவில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று தோல் பதனிடுவதும் கல்லுடைப்பதும் விமானம் இறங்குவதும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில் தினம் போய்வந்தவனுக்கு, வயல்வெளிப் புல்லாங்குழல் எங்கோ விட்டுவந்த ஊரின் ஒலியாகவும் இந்த உலோக மணி நின்றுகொண்டிருக்கும் இடத்தின் ஒலியாகவும் பட்டது இயல்புதானே.

இதே காலத்தில் மேற்கில் நடந்ததை ஒரு நண்பர் மூலம் தெரிந்துகொண்டேன். கிறிஸ்தவக் கல்லூரி விடுதியில் இருந்த அவர் காது வரை தாடி வைத்திருந்தார், எதையும் பாராட்டமாட்டார். அவர் கொடுத்த கேசட் டெபேஷ் மோட் என்ற ஆங்கிலக் குழுவின் 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்', 1983இல் வந்தது. நியூ வேவ் என்று அவர்கள் சொல்லிக்கொண்ட அலையின் இளைய பிள்ளைகள். லண்டனுக்குக் கிழக்கே பாஸில்டன் என்ற ஊர்க்காரர்கள். அது ஊர்கூட அல்ல. யுத்தத்துக்குப் பின் லண்டன் ஜனத்தைக் குடியேற்றுவதற்காக அரசாங்கம் கட்டிய புறநகர். 1981இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் பளிச்சென்ற, துள்ளலான, கொஞ்சம் அசட்டு சிந்தசைசர் பாப். அதில் பெரும்பாலான பாட்டுகளை எழுதிய வின்ஸ் கிளார்க் அந்த வருஷமே விலகிப் போனார். பொறுப்பு மார்ட்டின் கோர் தலையில் விழுந்தது. இரண்டாவது ஆல்பத்தில் தடுமாறினார்கள். மூன்றாவதில் ஒலி மாறிவிட்டது. லண்டனில் ஷோர்டிச் பகுதியில் ஸ்டூடியோவைச் சுற்றியிருந்த கட்டட இடிபாடுகளில் புகுந்து தகரத்தையும் இரும்பையும் தட்டிப் பதிவுசெய்து, அந்தத் தட்டல்களையே கருவிக்குள் செலுத்தி ஸ்வரமாகவும் தாளமாகவும் வாசித்தார்கள். பிறகு பெர்லினுக்குக் கொண்டுபோய்க் கலந்தார்கள். ஒரு பாட்டு முழுக்க முழுக்க இப்படிப் பொறுக்கிய ஓசைகளாலேயே ஆனது. அட்டையில் மலைக்கு முன்னால் சம்மட்டி ஓங்கிய ஒரு தொழிலாளி.

அந்த ஆல்பம் முழுமையானதல்ல. வர்க்கம், கம்பெனி என்றெல்லாம் இருபத்திரண்டு வயதுப் பையன்கள் பாடும்போது துண்டுப் பிரசுர வாடை அடிக்கிறது. ஆனால் ஒலி பொய் சொல்லவில்லை. எந்தப் பாரம்பரியமும் இல்லாத ஒரு புறநகரிலிருந்து வந்தவர்கள், இல்லாத பாரம்பரியத்தைப் பாவனை செய்யாமல், கையில் அகப்பட்ட தகரத்தைத் தட்டினார்கள். அவர்களுக்கும் அங்கே மரியாதை கிடைத்துவிடவில்லை. கிதார் வைத்திருப்பவன் கலைஞன், பொத்தான் அழுத்துகிறவன் ஏமாற்றுக்காரன் என்ற எண்ணம் அங்கும் இருந்தது. 1982இல் பிரிட்டிஷ் வாத்தியக்காரர் சங்கத்தின் லண்டன் கிளை ஒன்று சிந்தசைசரைத் தடைசெய்யக் கோரித் தீர்மானமே போட்டது.

நம் ஊரில் இங்கிலீஷ் வாத்தியக் குழுக்கள் இல்லாமலில்லை. கிறிஸ்தவக் கல்லூரி டீப்வுட்ஸ் விழாவிலும் கிண்டி ஐஐடியின் மார்டி கிராவிலும் போட்டிகளில் வாசிப்பார்கள். பெரும்பாலும் எழுபதுகளின் ராக், பிரதி பிசகாமல். பின்னால் ரஹ்மான் என்று உலகம் அறிந்த திலீப்பும் நெமிஸிஸ் அவென்யூ என்ற குழுவை அமைத்து வாசித்தவர்தான். இந்தக் குழுக்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. விரல் பழகியது அங்கேதான். ஆனால் புது அலை என்ற வஸ்து தமிழுக்கு வந்தது அந்த மேடைகளின் வழியாக அல்ல. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ஐரோப்பிய இசையின் இலக்கணம் கற்று, சினிமாவில் பத்து வருஷம் ஓய்வில்லாமல் உழைத்த ஒருவரின் கைவழியாக டீக்கடைக்கு வந்தது. சுஜாதா எழுதிய கதைக்கு. கணையாழியில் எழுதியவரும் குமுதத்தில் தொடர்கதை எழுதியவரும் ஒரே சுஜாதாதான் என்பதையே ஜீரணிக்கத் திணறிய நமக்கு இது எப்படிப் பிடிபட்டிருக்கும்?

'விக்ரம்' தொகுப்பு முழுவதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தலைப்புப் பாடல் திறந்த கதவுக்குள் மற்றப் பாடல்கள் எல்லாமே நுழையவில்லை. ஒன்றிரண்டு, பழைய டூயட்டுக்குப் புதுச் சட்டை மாட்டிய சமாசாரம். படமும் அப்படித்தான். ராக்கெட், கம்ப்யூட்டர் என்று கிளம்பி, பாதியில் கற்பனை ராஜ்யம் ஒன்றுக்குப் போய் ராஜா ராணிக் கதையாகிவிடுகிறது. இசையமைப்பாளரே அந்தக் கதவைத் திறந்துவிட்டு முழுதாக உள்ளே போகவில்லை என்பதும் உண்மை. அதைப் பிறகு பார்க்கலாம்.

இப்போது வயலின் பக்கம்.

'ஹவ் டு நேம் இட்?' எளிதில் ஒதுக்கக்கூடிய படைப்பல்ல. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். தலைப்புகளில் ஒரு குறும்பு இருக்கிறது: 'இட் இஸ் ஃபிக்ஸ்ட்' என்று ஒன்று, பிறகு 'இஸ் இட் ஃபிக்ஸ்ட்?' என்று இன்னொன்று. 'டோன்ட் கம்பேர்' என்று ஒன்று. ஒப்பிட்டே பிழைக்கும் என் போன்றவர்களுக்கு வைத்த குட்டு. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில் பாக்கின் ஈ மேஜர் பார்டிடாவின் முதல் பகுதி வருகிறது. 1720இல் பாக் படியெடுத்து வைத்த தனி வயலினுக்கான தொகுப்பில் உள்ளது அது. பக்கவாத்தியம் இல்லாமல், ஒற்றை வயலின் நிற்காமல் ஓடுவது. பாக் அதில் விட்டுவைத்த மௌனத்துக்குள் இளையராஜா நம் பாணியில் இன்னொரு குரலை நுழைக்கிறார். பாக் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு வயலின் அதன்மேல் சாவதானமாகப் பேசுகிறது. யாரும் யாரையும் இடிக்கவில்லை.

எனக்கு அங்கேதான் சங்கடம். யாரும் யாரையும் இடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பெரிய மனிதரை உட்காரவைத்து உபசரிக்கும் நேர்த்தி முழுத் தொகுப்பிலும் இருக்கிறது. கமகமும் கார்டும் இயல்பில் பகையாளிகள். ஸ்வரம் அசைந்தால் கார்டு கலங்கும். கார்டு நிலைத்தால் ஸ்வரம் அசையக் கூடாது. இந்தப் பகையை முடிவுவரை கொண்டுபோவதுதான் அந்த முயற்சியின் உண்மையான அபாயம். என் காதுக்கு, தனி வயலின் அசையும் இடங்களில் மற்றத் தந்திகள் பெரும்பாலும் ஒதுங்கி வழிவிடுகின்றன. தந்திகள் பின்னும் இடங்களில் வயலின் நிமிர்ந்து நேராகிவிடுகிறது. அற்புதமான ஏற்பாடு. ஆனால் ஏற்பாடு. 'விக்ர'மில் ஏற்பாடு கிடையாது. அங்கே முழு மோதல்.

எங்கள் மாடி மௌனத்துக்குக் காரணம் அந்த ஏற்பாட்டின் அழகு மட்டும்தானா? பாக் என்ற பெயர், தியாகராஜர் என்ற பெயர், வயலின், ஆங்கிலத் தலைப்பு, சொற்கள் இல்லாமை. ஒவ்வொன்றும் ஒரு அனுமதிச் சீட்டு. சொற்கள் இருந்தால் அது பாட்டு; பாட்டென்றால் சினிமா; சினிமா என்றால் கும்பல். "தப்பிச்சுட்டார்" என்ற அந்த வார்த்தையை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எதிலிருந்து தப்பினார்? அவரைக் கேட்டுக்கொண்டிருந்த ஜனத்திடமிருந்து என்றுதானே அர்த்தம்? மெப்ஸுக்குப் போகும் பெண்ணிடமிருந்து, டீக்கடையிலிருந்து, ஒருவேளை பண்ணைப்புரத்திலிருந்தும். நாங்கள் கொண்டாடியது அவருடைய இசையை அல்ல, அவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்ற எண்ணத்தை. அவர் எங்கும் வந்திருக்கவில்லை. அதே வருஷம் அதே ஆள் இரண்டையும் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை சௌகரியமாக முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தது பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988இல் வந்தது. பின்னணிக்கு 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பின் இசையையே அதில் பயன்படுத்தியிருந்தார் இளையராஜா. சுதா என்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண் சென்னையில் ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடுதான் கதை. சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்பாக்கம் என்று ஏரிக்கரைகளெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் கூட்டத்திலேயே மூன்று பேர் லோன் போட்டு அலைந்துகொண்டிருந்தார்கள். கவிதைச் சண்டைக்கு நடுவே சிமெண்ட் மூட்டை விலை வந்துபோகும். படத்தில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகப் போவார். செங்கல்லைத் தொட்டுப் பார்ப்பார். குடிபோகாமலே இறந்துபோவார். கடைசியில் அந்த இடத்தையே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்டுவிட்டது என்று தெரியவரும்.

அந்தக் கிழவரோடு சேர்த்துக் கேட்டபின் இந்த வயலின்கள் எனக்குப் பழைய வயலின்களாக இல்லை. உபசாரம் என்று நான் எதைக் குறை சொன்னேனோ அது அங்கே வேறொன்றாகிவிட்டது. முடியாத ஒரு வீட்டை முடிந்த வீடாகப் பாவித்து உள்ளே நடக்கும் மனிதரின் மரியாதை அது. இடிக்காமல், எதையும் தட்டிவிடாமல் நடக்கிறாரே, அந்த நடை. மணல், ஜல்லி, சாரம் இவற்றின்மேல் பட்டதும் இசைக்கு இத்தனை நாள் இல்லாத ஒரு கனம் வந்துவிட்டது. ஆகவே நான் அந்தத் தொகுப்பைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. அதில் குறைந்திருந்தது இசையல்ல, ஊர்தான். சினிமா அதற்கு ஊரைக் கொடுத்தது. எதிலிருந்து தப்பினார் என்று எங்கள் நண்பர் சொன்னாரோ அதே சினிமா.

பாஸில்டன் பையன்களும் கட்டடம் எழும்பும் இடத்துக்குப் போனார்கள், பாலு மகேந்திராவும் போனார். அவர்கள் அங்கிருந்து தகரத்தின் ஒலியை எடுத்துவந்தார்கள். நாம் அங்கே வயலினைக் கொண்டுபோனோம். தகரத்தை எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் கோபமாக எழுதியிருப்பேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. இயந்திரத்தை நான் இத்தனை தூரம் பரிந்து பேசும்போது அந்த அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்களை மறந்துவிடக் கூடாது. 1986இல் சீக்வென்சர் வாசித்தபோது பக்கத்தில் வயலின்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். 1992இல் 'ரோஜா' வந்தது. 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஸ்டூடியோ அமைத்துக்கொண்ட ரஹ்மான், அறை என்ற கருத்தையே மாற்றினார். எல்லோரும் ஒன்றாக வாசிக்க வேண்டிய அவசியம் போயிற்று. தனித்தனியே வந்து தன் வரியை வாசித்துவிட்டுப் போகலாம். பிறகு பலர் வரவே தேவையில்லை என்றும் ஆயிற்று. அந்த ஒலியின் சுத்தம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மாம்பலத்திலும் கோடம்பாக்கத்திலும் வயலின் பெட்டியோடு ரயிலேறும் மனிதர்களைக் காண்பது வருஷத்துக்கு வருஷம் அரிதானதையும் அதே ரயிலில் பார்த்தேன். லண்டன் சங்கக்காரர்களைப் படித்துச் சிரித்தது சற்று அவசரம்தான்.

இளையராஜாவோ திறந்த கதவின் அருகே கொஞ்ச காலம் நின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கருவியை அவர் விடவில்லை. எண்பதுகளின் பிற்பகுதிப் பாடல்களில் அது ஏராளமாக இருக்கிறது. ஆனால் ஆபரணமாக, வீட்டுக்கு அடங்கிய பிள்ளையாக. அந்த மோதல் போய்விட்டது. 1991இல் 'தளபதி'க்குப் பம்பாய் சென்று பெரிய வாத்தியக் கூட்டத்தை வைத்துக்கொண்டார். 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பனியை அரங்கேற்றினார். நம் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. மாடியில் இருந்தவர்களில் உயிரோடிருக்கும் நால்வரும் தொலைபேசியில் சந்தோஷப்பட்டுக்கொண்டோம். 'விக்ரம்' பற்றி அப்போதும் யாரும் பேசவில்லை. நான் பேசினேன். ஒருவர், "அது நல்ல பாட்டுதானேய்யா, நான் அப்பவே கேப்பேனே" என்றார். முப்பத்தெட்டு வருஷம் என் வெட்கத்துக்கு அவருடைய வெட்கம் துணையாக இருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த மாடிக் கூட்டத்துக்கு அடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். மேற்குத் தாம்பரத்து ரிக்கார்டிங் சென்டரில் 90 நிமிஷ டிடிகே கேசட் ஒன்றைக் கொடுத்து, ஒரு பக்கம் 'ஹவ் டு நேம் இட்?', மறுபக்கம் 'விக்ர'மும் மிச்ச இடத்தில் 'புன்னகை மன்ன'னும் பதியச் சொன்னேன். எழுதிக்கொண்டே அந்தப் பையன், இரண்டையும் சேர்க்கச் சொல்வதில் எனக்கிருந்த கூச்சத்தைப் பார்த்தானோ என்னவோ, "ஒரே ஆள்தானே சார், தனித்தனியா எதுக்கு" என்றான். அட்டையில் 'ராஜா' என்று மட்டும் எழுதினான்.

90 நிமிஷ நாடா மெல்லியது, சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கம் என்று சொல்கிறோமே தவிர நாடா ஒன்றுதான். மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி மறுபக்கம். ஒரு இடத்தில் டேப் ரிக்கார்டர் அதைக் கடித்துவிட்டது. இன்னும் வைத்திருக்கிறேன். பாக்கோடு பேசிக்கொண்டிருக்கும் வயலின் ஓரிடத்தில் தள்ளாடிக் கீழிறங்கி மீண்டும் மேலே வரும். திருப்பிப் போட்டால், சரியாக அந்த இடத்துக்குப் பின்புறத்தில், சீக்வென்சரும் தள்ளாடும்.